கடல் தோட்டத்துப் படம்

அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா வாசிங்க. மெதுவா வாசிங்க. ஆங்... எந்தங்கச்சி காளியாயி தமிழ்ல சரியாத்தான் சொன்னா, அதைச் சிங்களத்துல தப்பா மாத்தி விசாரணைத் தொரைகிட்ட சொன்னது நான்தான்... அப்படியா எழுதியிருக்கு? எங்கண்ணன் ஆண்டியப்பனா இதை எழுதிக் குடுத்தாரு? கீழ இருக்கிறது அவரு கையெழுத்துன்னு நீங்க சொல்றீங்க. எனக்கு எழுத்துத் தெரியாது ஐயா. நீங்க ஆஸ்பத்திரி மருந்துத் துண்டை விரிச்சு வச்சு வாசிச்சாலும் நான் ஆமா ஆமான்னுதான் கேட்டுக்கிட்டு இருக்கணும்.

இல்லைங்க, இதுக்கு நான் ஒப்புக்க மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. மொதல்ல நீங்க யாருன்னு எனக்குத் தெரியணும். அட்டன்ல தொழிற்சங்கக் காரியாலயத்துல எழுதுற ஆளுங்கிறீங்க. சரி. சங்கத்து ஆளுன்னா தோட்டத் தலைவரு கூட வருவாரு, இல்ல ஒரு பையன் ஓடி வந்து முன்னாடியே சொல்லுவான். நீங்க தனியா வந்திருக்கீங்க. அதுவும் எல்லாரும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயி லயத்து வீடெல்லாம் காலியா கெடக்குற நேரமாப் பாத்து வந்திருக்கீங்க. நான் கால் பொத்துப் புண்ணாகி வீட்டுல கெடக்கேன்னு உங்களுக்கு யாரு சொன்னா? சப்பாத்தைப் பாருங்க, ஒரு பொட்டு சேறு இல்ல. நோட்டன் பிரிட்ஜ்லருந்து இந்த ஏத்தம் ஏறி வந்தவரு காலா இது?

லொறியில வந்தீங்களா. யாரு லொறி? கொழுந்து லொறியா. ம். டிரைவரு யாரு? சிவசாமியா... சரி, அவன்தான் இன்னைக்கு ஓட்டுறான். ஒக்காருங்க. அந்தப் பலகையில ஒக்காருங்க, இதுல கால் ஆடும்.

சந்தேகப்படுறான்னு நெனைக்காதீங்க ஐயா. சந்தேகப்படாம இருந்துதான் இந்தக் கதிக்கு வந்திருக்கோம். அம்பத்துநாலாம் வருசம் எங்க பிரஜாவுரிமை மனுவ விசாரிக்க வந்தாரே விசாரணைத் தொரை, அவரும் இப்படித்தான் சிரிச்ச மொகமா வந்தாரு. புள்ள பேரென்ன, சாப்புட்டியான்னு கேட்டாரு. அடுத்த வருசம் கடுதாசி வந்துச்சு. பிரஜாவுரிமை கெடையாது. எம்புருசன் அழகுமுத்து இங்க பொறந்தவரு, நானும் இங்க பொறந்தவ, எங்க மக வடிவு அக்கரப்பத்தனைத் தோட்டத்துல, நாங்க வேலைக்குப் போறப்ப விட்டுட்டுப் போற புள்ளக்காம்பராவுல வளந்தவ. மூணு பேரும் இப்ப எந்த ஊருக்காரங்களும் இல்ல. இந்தியா, இலங்கை ரெண்டு நாட்டுப் பெரியவங்களும் கூடி இத்தன பேரு அங்க, இத்தன பேரு இங்கன்னு ஒப்பந்தம் போட்டுட்டாங்கங்கிறாங்க. எந்த நேரம் எந்தப் பட்டியல்ல எங்க பேரை ஏத்துவாங்கன்னு தெரியாது. அதனால யாரு கடதாசிய நீட்டுனாலும் நான் மொதல்ல ஆளைத்தான் பாக்குறேன்.

அது என்னங்க, மஞ்சக் கடதாசி? நோட்டீசா? குடுங்க பாப்போம்.

அடியாத்தே. மீனு வாயி! இதே வாயிதான். பல்லைப் பாருங்க. எங்க புடிச்சீங்க இதை? லெட்சுமணன் முதலாளி வீட்டுலயா? அவரு செத்துப்போயி அஞ்சாறு வருசமாச்சே. மகன் குடுத்தாரா. பெட்டிக்குள்ள கெடந்துச்சா. தேதியும் போட்டிருக்கா? அம்பதாம் வருசம், சித்திரை... ஆமாங்க, அதுதான். அதேதான்.

பாத்தீங்களா, இந்த ஒரு கடதாசி அன்னைக்கு எங்க கையில இருந்திருந்தா! எங்க வீட்டுல மாட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டி மனுவத் தள்ளுனாங்கல்ல, அப்பீலுக்குப் போனப்ப எங்க வீட்டுக்காரரு கத்து கத்துன்னு கத்துனாரு. ஐயா அந்தப் படம் நுவரெலியாவுல கடல் தோட்டத்துல புடிச்சது, நாங்க எந்தக் கப்பல்லயும் போகலன்னாரு. அங்க இருந்த பெரிய தொரை பேனாவ வச்சிட்டுச் சிரிச்சாராம். ஆறாயிரம் அடி ஒசரத்துல கடலான்னு கேட்டாராம். பக்கத்துல இருந்தவங்களும் சிரிச்சாங்களாம். அந்தச் சிரிப்பைச் சொல்லித்தான் அவரு வீட்டுக்கு வந்து அழுதாரு. கேஸ் தோத்ததுக்கு அழுகல.

கடல் தோட்டம்னு பேரு வச்சது நாங்கதான். நோட்டீசுல வேற என்னமோ பெரிய பேரா இருக்கும். சமுத்திர விநோதமா? இருக்கட்டும். எங்களுக்கு எது பெருசா இருந்தாலும் தோட்டம்தானே.

சொல்றேன். இருங்க, தேத்தண்ணி வைக்கிறேன். குடிச்சிட்டுத்தான் போகணும். அவசரம்னு சொல்லாதீங்க, லொறி நாலு மணிக்கு முன்னாடி கீழ எறங்காது. எனக்குத் தெரியும்.

அப்ப நாங்க அக்கரப்பத்தனைப் பக்கம் இருந்தோம். லெட்சுமணன் முதலாளிக்கு நுவரெலியா கடைவீதியில துணிக்கடை. சித்திரை சீசனுக்குக் கொழும்புக்காரங்க குதிரைப் பந்தயம் பாக்க வருவாங்கள்ல, அவங்களுக்குக் கடல் காட்டினா யாரு பாப்பா? அவங்கதான் தெனம் பாக்குறாங்களே. அந்த மனுசன் கணக்குப் போட்டது எங்கள வச்சு. மலை முழுக்க லட்சம் சனம் இருக்கு, நூத்துக்குத் தொண்ணூறு பேரு கடலைக் கண்ணால பாத்ததில்ல. ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு உருளக்கெழங்கு வயலை வாடகைக்கு எடுத்து, சுத்தித் தகரம் அடைச்சு, வாசல்ல இந்த மீனை நிறுத்திட்டாரு. மூங்கிப் பத்தை, சாக்கு, சுண்ணாம்பு. பல்லு இருக்கே, அது என்னன்னு நெனைக்கிறீங்க? கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலக் கட்டை. வெள்ளை அடிச்சு வரிசையா நட்டு வச்சிருந்தாரு. எங்க வீட்டுக்காரரு தொட்டுப் பாத்துட்டு, இது நான் வெட்டுன வெட்டு மாதிரியே இருக்குதுன்னாரு.

போனது யாரு யாருன்னா, நானு, அவரு, எங்கண்ணன் ஆண்டியப்பன், மடியில வடிவு. அவளுக்கு ஒரு வயசு. ஆமாங்க, எங்கண்ணனும் வந்தாரு. எழுதிக்கங்க. ஆனா அவரை நம்பி எதையும் எழுதாதீங்க, அதை அப்பறம் சொல்றேன்.

மீனு வாய்க்குள்ள நொழைஞ்சா ஒரே இருட்டு, நாத்தம். இந்தப் பக்கம் அஞ்சு கண்ணாடித் தொட்டி. கொழும்புலருந்து ரயிலு கோச்சியில பீப்பா பீப்பாவா கடத்தண்ணியக் கொண்டாந்து ஊத்தி, மீன விட்டிருந்தாங்க. பாவம், அதுங்களுக்கு நுவரெலியாக் குளிரு தாங்குமா? தொட்டிக்குக் கீழ சட்டியில கரி போட்டு கங்கு வச்சிருந்தாங்க. மீனெல்லாம் கங்கு இருக்கிற மூலையில வந்து ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. எங்களுக்குத் தெரிஞ்ச கடல் மீனு கடையில தொங்குற கருவாடுதான். அது கண்ணைத் தொறந்து பாக்குறதைப் பாத்து எங்க வீட்டுக்காரரு கையெடுத்துக் கும்புட்டுட்டாரு. ஒரு ஆமை இருந்துச்சு. அதுக்கு மட்டும் குளிரும் இல்ல ஒண்ணும் இல்ல. மனுசங்களைப் பாத்தா மொகத்தை உள்ள இழுத்துக்கும். நல்ல புத்தியுள்ள ஆமை.

சிரிக்கிறீங்க. கொஞ்சம் சிரிச்சாத்தான் சங்கத்து ஆளு மாதிரி இருக்கீங்க.

தொட்டி தாண்டுனா ஒரு பீப்பா. கைய நீட்டினா ஒரு சொட்டு ஊத்துவான், நக்கிப் பாக்கணும், கடத்தண்ணி உப்புன்னு தெரிஞ்சிக்க. நம்ம சனம் என்ன பண்ணுச்சு தெரியுமா? நக்கல. தலையில தெளிச்சுக்கிச்சு. ஆடி அமாவாசைக்குக் கடல்ல முழுகி அப்பன் ஆத்தாளுக்கு எள்ளுந் தண்ணியும் எறைக்க முடியாதவங்கதானே அத்தன பேரும். ஒருத்தரு சட்டையக் கழட்டிட்டு பீப்பாக்கிட்டயே குந்தி, செத்துப்போன தகப்பன் பேரைச் சொல்ல ஆரம்பிச்சிட்டாரு. மத்தவங்க போத்தல் கொண்டாந்து நீட்டுறாங்க. ரெண்டே நாள்ல பீப்பா காலி. முதலாளி பாத்தாரு, கெணத்துத் தண்ணியில உப்பைக் கரைச்சு ஊத்துனாரு. அதையும் சனம் கும்புட்டுத்தான் வாங்குச்சு. எங்கண்ணன் வாங்கி நக்கிப் பாத்துட்டு, இது கட்டி உப்பு, கடல் உப்பு இல்லன்னு சொன்னாரு. அவரு சின்ன வயசுல கொழும்புல கடையில நின்னவரு, கடல் தெரியும், சிங்களமும் அங்க புடிச்சதுதான்.

அப்பறம் கப்பல். கப்பல்னா மரத்துல செஞ்ச ஓடம், பத்துப் பேரு ஒக்காரலாம். அடியில உருட்டுக் கட்டைய வச்சு, நாலு பேரு கயித்தைப் புடிச்சு இழுத்து இழுத்து ஆட்டுவானுங்க. ஒருத்தன் பின்னாடி தகரத்தைத் தட்டுவான், அது இடியாம். இன்னொருத்தன் பூவாளியில தண்ணியச் சிலுப்புவான், அது அலையாம். எங்க வீட்டுக்காரரு வேட்டி பூராவும் வாந்தி. எனக்கு ஒண்ணும் ஆகல. நான் எறங்கவே மாட்டேன்னு ஒக்காந்திருந்தேன். அந்தக் கால் மணி நேரம் நான் எவ்வளவு சந்தோசமா இருந்தேன்னு இப்பச் சொன்னாலும் வெக்கமா இருக்கு. வேட்டிய அலசிக் கட்டிக்கிட்டு வந்து, இன்னொரு தடவ ஏறிக்கறியான்னு கேட்டாரு அவரு. நல்ல மனுசன் தம்பி.

தம்பின்னு வந்திருச்சு. பரவால்லையா? சரி.

படமா? அந்தக் கடைசிக் கூடாரத்துலதான். நாகப்பட்டணத்துக்காரரோ யாரோ, கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டு படம் புடிக்கிறவரு. பின்னாடி ஒரு பெரிய கித்தான்ல கப்பல் வரைஞ்சிருக்கு. ரெண்டு பொகக்கூண்டு, கொடி, மேல பறவை. முன்னாடி நெசக் கப்பல்ல இருக்கிற மாதிரி வெள்ளை அடிச்ச கம்பித் தடுப்பு. எங்க வீட்டுக்காரருக்குக் கோட்டும் தொப்பியும் மாட்டி கையில டிரங்குப் பெட்டியக் குடுத்தாங்க. என்னைய லேஞ்சிக் குட்டைய ஆட்டச் சொன்னாங்க. கறுப்புத் துணியப் பாத்து வடிவு கத்துனா. அதனால எங்கண்ணன் அவளத் தூக்கிட்டு கூடாரத்துக்கு வெளிய நின்னாரு. படத்துல நாங்க ரெண்டு பேருதான். தபால்ல வந்து சேந்துச்சு. நெசமாவே ஏதோ தேசத்துக்குப் போற சனம் மாதிரி இருந்தோம்.

எத்தன நாள் இருந்துச்சுன்னா, வைகாசி மழை வர்ற வரைக்கும். நாப்பது நாள் இருக்குமா? மீனெல்லாம் ஒவ்வொண்ணா செத்துச்சு. மழையில சுண்ணாம்பு கரைஞ்சு, அந்தப் பெரிய மீனு வாய் மூடிக்கிச்சாம், பல்லு மட்டும் வெளிய தெரிஞ்சுச்சாம். அடுத்த சீசனுக்குப் போனவங்க அங்க லீக்ஸ் காய்கறிப் பாத்தி இருந்துச்சுன்னாங்க. ஆமை என்னாச்சுன்னு யாருக்கும் தெரியல. தகரத்தைக் கூட கழட்டி வித்துட்டாங்க. அதான் அப்பீல்ல காட்ட ஒரு துரும்பு கெடைக்கல.

இந்தாங்க, குடிங்க. சீனி போதுமா? கருப்பட்டி வேணும்னா தர்றேன்.

எங்கண்ணனைப் பத்தி. சொல்றேன். அம்பத்திரெண்டுல இந்தத் தோட்டத்துக்கு எங்களைக் கூட்டியாந்து பேரு பதிய வச்சது அவருதான். மேல் டிவிசன்ல மருந்து குடுக்குற காம்பராவுல உதவிக்கு நின்னாரு, இப்பவும் அங்கதான். அதுவரைக்கும் மச்சானும் மச்சானும் ஒரே தட்டு. அம்பத்துமூணுல வடிவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில ஒக்காத்தித்தானே குத்தணும்? நல்ல நேரம் போகுது, அவரு வரல. யாருக்கோ பிரசவம், விட்டுட்டு வர முடியல. எங்க வீட்டுக்காரரு ரோசத்துல வேற ஆளு மடியில ஒக்காத்திக் குத்திட்டாரு. எங்கண்ணன் தோட்டையும் தட்டையும் தூக்கிக்கிட்டு ஓடி வந்து பாத்தா, புள்ள காதுல ரத்தம் காஞ்சிருக்கு. தட்டை வச்சிட்டுப் போயிட்டாரு. அப்ப விழுந்த கீறல் அது.

அடுத்த வருசம்தான் விசாரணைத் தொரை வந்தாரு. அவருக்குத் தமிழு வராது. மொழி மாத்திச் சொல்ல தோட்டத்து ஆபீசுக் கந்தோர்லருந்து யாரை அனுப்புனாங்க? எங்கண்ணனை. நான் அப்ப காய்ச்சல்ல வீட்டுல இருந்தேன். எங்க வீட்டுக்காரரு தேயில இஸ்டோருல கொழுந்து வாட்டுற எடத்துல வேலையில இருந்தாரு. தொரை இந்த வாசல்ல நின்னு உள்ள பாத்தாரு. அந்தா, அந்தச் சொவத்துலதான் படம் மாட்டியிருந்துச்சு. இப்ப இல்ல, அன்னைக்கே கழட்டிக் கொண்டு போயிட்டாங்க, அவங்க பைலுக்குள்ள இருக்கும். இது எங்க எடுத்ததுன்னு கேட்டாங்க. நான் கடல் தோட்டத்துல எடுத்ததுன்னு தமிழ்ல சொன்னேன். அண்ணன் சிங்களத்துல என்னமோ சொன்னாரு. தொரை எழுதிக்கிட்டாரு. அவ்வளவுதான். எனக்குச் சிங்களம் தெரியுமா என்ன?

கடுதாசி வந்தப்பதான் விசயம் தெரிஞ்சுச்சு. இந்தியாவுக்குப் போனதே இல்லன்னு மனுவுல சத்தியம் பண்ணிருக்கீங்க, கப்பல்ல போனதா வீட்டுலயே சொல்லிருக்காங்க, அப்ப மனு பொய்யின்னு வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு நேரா பெரட்டுக் களத்துக்குப் போனாரு. காலையில வேலைக்குப் பேரு குடுக்க நூறு பேரு நிக்கிற எடம். காது குத்துக்கு வஞ்சம் தீத்துட்டியாடான்னு எங்கண்ணன் சட்டையப் புடிச்சாரு. நான் கூடையோட நின்னுக்கிட்டிருந்தேன். எங்கண்ணன் என்னையப் பாத்தாரு, தலையக் குனிஞ்சாரு, போயிட்டாரு. தப்பு செய்யாதவரு அப்படிப் போவாரா? நீங்களே சொல்லுங்க. போவாரா?

எழுதிக்கங்க. நீங்க எழுதுற ஆளு.

பத்து வருசமா பேச்சு வார்த்தை இல்ல. வடிவு பெரியவளானப்ப தாய்மாமன் சீரு வரணும்ல? கொண்டு வந்தாரு. அந்த ரோட்டு முக்குல, தலையில தட்டோட, அரை நாள் நின்னாரு. எங்க வீட்டுக்காரரு கதவைச் சாத்துன்னாரு. நான்தான் சாத்துனேன். தொவாரத்து வழியா பாத்தேன், மழை புடிச்சிக்கிச்சு, மனுசன் தட்டு மேல சட்டையக் கழட்டிப் போட்டு மூடிக்கிட்டு நிக்கிறாரு. அந்தச் சீருப் புடவைய யாருக்குக் குடுத்தாரோ தெரியல.

அப்படிப்பட்டவரு இப்ப எதுக்கு நான்தான் தப்பாச் சொன்னேன்னு எழுதிக் குடுக்குறாரு? அதான் எனக்குப் புரிய மாட்டேங்குது தம்பி. அவரா சங்கத்துக்கு வந்தாரா, நீங்க கூப்புட்டீங்களா? அவரா வந்தாரா. முதலாளி மகனைத் தேடிப் போயி நோட்டீசை வாங்குனதும் அவருதானா? எத்தன தடவ நுவரெலியாவுக்கு அலைஞ்சாரு? ...ஓ.

சரி, நேராக் கேக்குறேன், நேராச் சொல்லுங்க. இதைக் கொண்டு போயி அங்க வச்சா எங்க கேஸை எடுப்பாங்க. சரி. அவருக்கு என்ன ஆகும்? சர்க்கார் விசாரணையில பொய்யா மொழி மாத்துனவருன்னு ஆகுமில்ல? அவருக்குப் பிரஜாவுரிமை இருக்கு. அதுல கை வைப்பாங்களா? வைக்கலாமா... வேலையும் போகுமா. அது தெரிஞ்சுமா எழுதிக் குடுத்தாரு? தெரிஞ்சுதானா.

இல்ல தம்பி, எந்திரிக்காதீங்க. இஸ்டோரு சங்கு இப்பத்தான் ஊதுச்சு. லொறி நிக்கும். இன்னொரு வாய் தேத்தண்ணி ஊத்துறேன். இன்னும் கொஞ்சந்தான். நாகலெட்சுமியைப் பத்தி உங்களுக்குச் சொல்லல.

நாகலெட்சுமி இந்த அடுத்த காம்பராவுல இருந்தவ. அவளும் அவ புருசனும் ஊருக்குப் போயி மூணு மாசம் இருந்துட்டு வந்தவங்க. எந்நேரமும் ஊருப் பேச்சுத்தான். தலைமன்னார்ல கப்பல் ஏறுனோம், இந்தியாக் கரையில எறங்குனோம், மாமன் வண்டி கட்டிக்கிட்டு வந்தாரு, கோயில்ல எங்க வம்சத்துக்கு மொத மரியாதைன்னு. உனக்கு எந்த ஊருன்னு கேப்பா. எனக்கு எந்த ஊரு? எங்கப்பன் ஏழு வயசுல யாரோ கங்காணி கையப் புடிச்சிக்கிட்டு வந்தவரு. ஊரு பேரும் தெரியாது, சாமி பேரும் தெரியாது. நாதி இல்லாதவளாடின்னு அவ வாய் விட்டுக் கேக்கல. ஆனா பார்வையில கேப்பா. அது உங்களுக்குப் புரியாது தம்பி, உங்களுக்கு ஊரு பேரு இருக்கும்.

ஒரு நாள் படத்தைப் பாத்துட்டு, நீங்களும் போனீங்களான்னு கேட்டா. நான் சிரிச்சேன். அவ்வளவுதான் மொத நாளு. அடுத்த நாளு, அலை பலமா இருந்துச்சான்னு கேட்டா. இருந்துச்சு, இவருக்கு வேட்டியெல்லாம் வாந்தி, எனக்கு ஒண்ணும் ஆகலன்னு சொன்னேன். அது பொய்யில்லையே. அப்பறம் தலைமன்னார் வந்துச்சு, மாமன் வந்தாரு, மாட்டு வண்டி வந்துச்சு. அவ சொன்னதையே நான் கொஞ்சம் மாத்தி அவளுக்கே சொன்னேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட ஊருப் பேச்சை எடுக்காத, அவருக்கு அழுகை வந்துரும்னும் சொல்லி வச்சேன். அவளும் நல்லவ, எடுக்கல. அம்பத்தஞ்சு ஆரம்பத்துல, எங்களுக்குக் கடுதாசி வர்றதுக்கு முன்னாடியே, ஒரேயடியா ஊருக்குப் போயிட்டாங்க.

யாரோ வர்ற சத்தமா? எங்க வீட்டுக்காரரு வர்ற நேரம். அவருதான். திரும்பிப் பாக்காதீங்க. மொதல்ல பீலித் தண்ணியில கால் கழுவுவாரு. நான் கொஞ்சம் சத்தமாப் பேசுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

தொரை அந்தப் படத்தைப் பாத்தாருன்னு சொன்னேன்ல? அந்நேரம் நாகலெட்சுமி கைப்புள்ளயோட இந்த வாசப்படிகிட்ட நிக்கிறா. எங்கண்ணன் கேட்டாரு, ஆயி, இது எங்க எடுத்ததுன்னு தொரை கேக்குறாரு, கப்பல்ல போனீங்களாங்கிறாருன்னு. கேக்கும்போது சிரிச்சாரு. அவருதானே புள்ளயத் தூக்கிக்கிட்டு அந்தக் கூடாரத்துக்கு வெளிய நின்னவரு. நான் நாகலெட்சுமிய ஒரு பார்வை பாத்தேன். ஆமா, போனோம்னு சொன்னேன். எங்கண்ணன் மொகத்துல சிரிப்புப் போயிருச்சு. ஆயி, தொரை எழுதப் போறாரு, நல்லா நெனச்சுச் சொல்லுன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? நெனைக்க என்ன இருக்கு, தலைமன்னார்ல ஏறுனோம்னு சொன்னேன். அந்த ஊருப் பேரைக் கேட்டதும் தொரையே தலையத் தூக்கிட்டாரு. அதுக்கு மேல எங்கண்ணன் எதை மாத்த முடியும்? நான் சொன்னதைச் சொன்னாரு.

அப்பறம் கடுதாசி வந்து இவரு என்னையக் கேட்டப்ப, நான் கடல் தோட்டம்னுதான் சொன்னேன், அண்ணன் சிங்களத்துல என்ன சொன்னாரோன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். நான் சொல்லிட்டு அடுப்பைப் பாக்கத் திரும்பிட்டேன். பத்து வருசமா அந்த ஒரு வார்த்தையத்தான் எங்கண்ணன் சொமக்குறாரு. இப்ப அதுக்குக் கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்காரு.

இதைச் சொல்லத்தான் தம்பி உங்கள இவ்வளவு நேரம் மீனு, ஆமைன்னு புடிச்சு வச்சிருக்கேன். நானும் அவரும் ரெண்டு பேரு மட்டும் இருந்தா எனக்கு இது வாயில வராது, எத்தனையோ நாள் பாத்துட்டேன். வெளியாளு ஒருத்தரு ஒக்காந்திருந்தா வரும்போல இருந்துச்சு. அந்தக் கடதாசிய மடிச்சு வச்சிட்டு வேற எழுதுங்க. கேஸ் என்ன ஆனாலும் ஆகட்டும்.

வாங்க. ஏன் அங்கயே நின்னுட்டீங்க? இந்தத் தம்பி சங்கத்துலருந்து வந்திருக்காரு. கேட்டுக்கிட்டா நின்னீங்க...

ஆமாங்க. அண்ணன் இல்ல. நான்தான் சொன்னேன்.